மண் தெரிந்த தூரம்

கானல் நீர் பொய் என்று பாடப்புத்தகத்தில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. பொய் என்று சொல்வது நாங்கள்தான். தேர்தலுக்கு வந்தவன் கொடுத்த வாக்குறுதியைக் கானல் நீர் என்கிறோம். கட்டாரிலிருந்து வருவான் வருவான் என்று காத்திருந்த மாப்பிள்ளை வராமல் போனால் அதையும் கானல் நீர் என்கிறோம். வகுப்பில் ஒரு பிள்ளை அந்த அர்த்தத்தில் சொன்னாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"பொய் இல்ல. ஒளி வளைஞ்சி வருது. தெரியிற சாமான் மெய், தெரியிற எடம்தான் பிழை" என்று கரும்பலகையைத் தட்டிச் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். டீச்சருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று பின்வாங்கில் ஒருத்தி மற்றவளின் காதில் கேட்பதும் எனக்குத் தெரியும். கல்முனையில் இத்தனை வருடங்களாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒளி முறிவுப் பாடம் முடிகிற அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போய் யாரோடும் கதைக்காமல் படுத்துவிடுவேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. எனக்குக் கொடுத்தது அதிலிருந்து கூப்பிடு தூரம். தங்கச்சி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கடற்தொழில் செய்கிறவர். சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகும் எஞ்சினும் வைத்திருந்தார். டீச்சர்மார் இருக்கிற குடும்பத்தில் கடல்காரனுக்குப் பெண் கொடுத்துவிட்டார்களே என்று சொந்தக்காரர் சிலர் வாயைக் கோணினார்கள். நல்ல மீன் பட்டால் அவர்கள் வீட்டுக்கும் அவர்தான் கொடுத்தனுப்புவார். கோணிய வாயாலேயே அதையும் தின்றார்கள்.

அவர் சிரித்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். என்னை மச்சி என்று கூப்பிட்டு, நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு நையாண்டி வைத்திருப்பார். காலையில் கரைக்கு வந்து மீனை ஏற்றி அனுப்பியதும் போட்டிருந்த சேட்டைக் கழற்றி, நாலாக மடித்து மண்ணில் வைப்பார். காற்றுக்குப் பறக்காமல் மேலே பாரமாக எதையாவது வைத்துவிட்டு, மறுபடியும் கடலில் இறங்கி அலைக்கு அப்பால் நீந்திப் போய்க் குளித்துவிட்டு வருவார். மீன் நாற்றம் பிடித்த சேட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று தங்கச்சி கேலி செய்வாள். நீந்துவதில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சுனாமியில் தென்னையும் வீடும் சேர்ந்து புரண்ட தண்ணீரிலிருந்து நீந்தி வெளியே வந்தவர் அவர்.

ஒரு தடவை அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்கு அவரும் தங்கச்சியும் நானும் ஆட்டோவில் போனோம். அவர்தான் ஓட்டினார். ஒலுவில் தாண்டியதும் நல்ல உச்சி வெயில். நேரான தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கிட்டப் போகப் போக அது தள்ளித் தள்ளிப் போனது.

"மச்சி, உங்கட பாடத்துல இந்தத் தண்ணிக்குள்ள மீன் இரிக்கா? இரிந்தா சொல்லுங்க, வலையக் கொண்டு வாறன்."

நான் டீச்சர் அல்லவா, விட மனம் வரவில்லை. தார் சுட்டு அதன் மேலே ஒட்டியிருக்கிற காற்றும் சுட்டுக் கிடக்கிறது, அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவு சூடில்லை, வானத்திலிருந்து வருகிற வெளிச்சம் சுடுகாற்றுக்குள் நேராகப் போகாமல் மேலே வளைந்து எங்கள் கண்ணுக்கு வருகிறது, நாங்கள் ரோட்டில் காண்பது தண்ணீர் இல்லை, வானத்தின் துண்டு என்று விளக்கினேன். தங்கச்சி கொட்டாவி விட்டாள். அவர் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எங்கட கடல்ல இந்த ஏமாத்து வேலை இல்ல மச்சி" என்றார். "பள்ளி மினாரா மட்டும் தெரிஞ்சா தூரத்துல நிக்கிறம். தென்னந்தலை தெரிஞ்சா பாதி வழி. வெள்ள மண் தெரிஞ்சா கரை. மண் தெரிஞ்சா எஞ்சின் நிண்டாலும் பயமில்ல, நீந்தியே வந்துருவன்."

அது சரியான கணக்குத்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பூமி உருண்டையாக இருப்பதால் தூரம் கூடக் கூடக் கரையை அடியிலிருந்து மறைத்துக்கொண்டு போகும். முதலில் மண், பிறகு மரம், கடைசியில் பள்ளிவாசலின் மினாராக் கோபுரம். எங்கள் கரையில் கடலுக்குப் போகிற எல்லோரும் அந்தக் கணக்கில்தான் போய் வருகிறார்கள். அவர்கள் இருட்டோடு போய், வெயில் ஏறுவதற்கு முன் திரும்பிவிடுகிறவர்கள். கச்சான் வீசுகிற பகலில் நடுக்கடலில் நின்று கரையைப் பார்க்கிற தேவை அவர்களில் ஒருவருக்கும் வந்ததில்லை. அந்த நேரத்தில் கரை எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஆட்டோவில் எனக்கும் அது தோன்றவில்லை.

கச்சான் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வருகிற காற்று. மலையை ஏறி இறங்கி, காட்டிலும் வயலிலும் காய்ந்து, நெருப்பாக ஊருக்குள் நுழையும். கொடியில் உடுப்பைக் காயப்போட்டு உள்ளே வந்து திரும்பினால் காய்ந்திருக்கும். உதடு வெடிக்கும். பிள்ளைகள் வகுப்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கிட்டத்துக் கடல் ஒரு சுருக்கமில்லாமல் படுத்துக் கிடக்கும். பார்க்கிறவனுக்கு இது எவ்வளவு சாதுவான கடல் என்று தோன்றும்.

அப்படி ஒரு நாள் விடியுமுன், சுபஹுத் தொழுகைக்கு முன்னரே அவர் போனார். வழக்கமாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். ஒரு நாள்தானே என்று தனியாகப் போய்விட்டார். மற்றப் படகுகள் எல்லாம் வந்து சேர்ந்தன, இவருடையதைக் காணவில்லை. போன் அடித்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற பெண்ணின் குரல்தான் வந்தது. எஞ்சின் ஏதோ கோளாறு, காற்றுத் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று மீனவர் சங்கத்துத் தலைவர் சொன்னார். இரண்டு படகுகள் தேடப் போயின. நீரோட்டம் இழுக்கிற பக்கத்தைப் பார்த்து அவர்கள் சரியாகத்தான் போனார்கள்.

நான் பாடசாலையிலிருந்து நேரே கடற்கரைக்கு ஓடினேன். தங்கச்சி மீன் வைக்கிற வாடிக் கொட்டிலின் நிழலில் குந்தியிருந்தாள். அழவில்லை. வாய் மட்டும் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் மண்ணில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

மதிய லுஹர்த் தொழுகை முடிந்து சனம் கரைக்குத் திரும்பியபோது யாரோ கத்தினார்கள்: "அந்தா! அந்தா நிக்கிது!"

எல்லோரும் எழுந்து பார்த்தோம். பள்ளிவாசலுக்கு நேர் எதிரே, கடலின் விளிம்பில், ஒரு படகு. தெளிவாக, நெட்டையாக, கரையைப் பார்த்து நின்றது. அதில் ஏதோ ஒன்று நட்டு வைத்தது போல் உயர்ந்து தெரிந்தது. சங்கத்துத் தலைவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. அவர் அதில் பார்த்துவிட்டு, "மஞ்சப் படங்கு! படங்கத் துடுப்புல கட்டித் தூக்கியிரிக்கான்!" என்று கத்தினார்.

மழைக்கும் வெயிலுக்கும் மூடுகிற மஞ்சள் படங்கு அந்தக் கரையில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அதன் ஓரம் கிழியாமல் தங்கச்சிதான் தன் மெஷினில் மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அவள் முந்தானை விலகியதையும் பார்க்காமல் ஓடிப்போய், முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "வாங்க! வாங்க! கெதியா வாங்க!" என்று கூப்பிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கை காட்டினார்கள். அழுகிறவர் அழுதார், சிரிக்கிறவர் சிரித்தார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன்.

தலைவர் தேடப் போனவர்களுக்குப் போன் எடுத்தார். "கண்டாச்சி! பள்ளிக்கு நேர நிக்கிறான். கிட்டத்தான். இஞ்சால திரும்பி வாங்க!"

தாழ்ந்த படகில் இருப்பவனை விடக் கரை மேட்டில் நிற்பவனுக்குத்தான் கூடத் தூரம் தெரியும். அதனால் கரையிலிருந்து ஒரு சொல் வந்தால் கடலில் இருப்பவர்கள் கேள்வி கேட்காமல் கேட்பார்கள். எங்கள் ஊரில் எப்போதும் உள்ள வழக்கம் அது. அன்றைக்கும் அவர்கள் படகைத் திருப்பினார்கள்.

தங்கச்சி தண்ணீரை விட்டு வெளியே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "ராத்தா, நான் போய்ச் சோறாக்குறன். காலத்தாலயும் ஒண்டும் திண்ணாமப் போன மனிசன்" என்றாள். பெண்கள் அவளைச் சூழ்ந்து கூட்டிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் நின்றேன். அவர் வந்து இறங்கியதும் முதல் ஏச்சு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பார்த்துக்கொண்டே நின்றதில் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் படகு தண்ணீரில் இல்லை. அதற்கும் கடலுக்கும் இடையில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் படகின் தலைக்கு மேலே இன்னொரு படகு, தலைகீழாக, தெரிந்தது. சனங்கள் சுபஹானல்லாஹ் என்றார்கள். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

நான் இந்தக் காட்சியைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். ரோட்டில் நடப்பதற்கு நேர் எதிரானது அது. கடல் கீழே குளிர்ந்து கிடக்கிறது, அதைத் தொட்டிருக்கிற காற்றும் குளிர்ச்சி. அதற்கு மேலே கச்சான் கொண்டு வந்த சுடுகாற்று. தூரத்திலிருந்து வருகிற வெளிச்சம் மேலே தப்பிப் போகாமல் குளிர்ந்த பக்கத்துக்கே வளைந்து, கடலின் முதுகை ஒட்டியே வந்து சேரும். பூமி மறைத்து வைத்திருப்பதை, கண்ணுக்கு எட்டவே கூடாத தூரத்தில் இருப்பதை, அது தூக்கிக் கொண்டு வந்து கிட்டத்தில் காட்டும்.

நான் தலைவரிடம் ஓடினேன். "அவங்களத் திருப்பாதீங்க! அது கிட்ட இல்ல!"

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க? கண்ணுக்கு முன்னால நிக்கிது."

"நிக்கிதுதான். ஆனா அங்க இல்ல. அதுக்கும் அங்கால, கடல் மறைச்ச எடத்துல இரிக்கி. கச்சான் காட்டுது. தூரம், சரியான தூரம்."

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அந்தத் தலைகீழ்ப் படகைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். ஆனால் தேடப் போனவர்கள் அதற்குள் பள்ளிக்கு நேரே வந்து, கரைக்குக் கிட்டவே அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கே, எங்கே என்று போனில் கேட்டார்கள். நேரே கிழக்கே போங்கள், இன்னும் போங்கள் என்று தலைவர் கத்தினார். அவர்கள் போனார்கள். எண்ணெய் ஏற்கனவே பாதிக்கு மேல் எரிந்திருந்தது.

பின்னேரம், அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் கச்சான் ஓய்ந்தது. கடலிலிருந்து காற்று வரத் தொடங்கியது. அந்தப் படகு முதலில் குட்டையாகியது, பிறகு ஒரு கோடாகியது, பிறகு விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அது மூழ்கியதாகச் சிலர் ஓலமிட்டார்கள். மூழ்கவில்லை என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் வழமைக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பொழுதுபட்டு மஃரிப் நேரத்தில், தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

தங்கச்சி வீட்டில் சோறும் புளியாணமும் பொரித்த மீனும் மூடி வைத்திருந்தது. அவள் அதை யாரையும் தொடவிடவில்லை. மறுநாள் அது புளித்து, வீடு முழுக்க அந்த வாடை அடித்தது. நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. கடற்படைக்கு அறிவித்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்தும் படகுகள் வந்து சேர்ந்து தேடின. இங்கே பள்ளியில் துஆக் கேட்டார்கள். அங்கே கோயிலில் அவருக்காக விளக்கு வைத்ததாக என்னோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தி சொன்னாள். ஊரில் படம் பிடித்தவர்கள் அந்த வீடியோவைப் போட்டார்கள். 'கல்முனைக் கடலில் பறக்கும் படகு' என்று தலைப்பு வைத்து, பின்னால் ஒரு கஸீதாப் பாட்டையும் சேர்த்து. லைக் குவிந்தது. அந்தப் படகுக்குள் ஒரு மனிதன் தாகத்தோடு நின்றான் என்று அதில் ஒருவரும் எழுதவில்லை. தங்கச்சியின் போனுக்கே யாரோ ஒரு அறிவுகெட்டவர் அதை அனுப்பியிருந்தார். அவள் அதை அழிக்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதில் தெரிவது ஒரு புள்ளிதான்.

ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற பலநாள் படகு ஒன்று இவருடைய படகைக் கண்டு, கட்டி இழுத்துக்கொண்டு ஒலுவில் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. படகில் ஆள் இல்லை. தகவல் வந்ததும் தலைவரோடு நான் போனேன். தங்கச்சியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெயிலில் படகை ஏற்றி வைத்திருந்தார்கள். மஞ்சள் படங்கு துடுப்பில் கட்டியபடியே கிழிந்து தொங்கியது. எஞ்சின் கழற்றிக் கிடந்தது, சரிப்பண்ணப் பார்த்திருக்கிறார். குடிதண்ணீர்ப் போத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. வலைக்கு மிதவையாகக் கட்டுகிற வெற்றுக் கலன் ஒன்றைக் காணவில்லை. அது கட்டியிருந்த கயிறு கத்தியால் வெட்டியிருந்தது. அலை தூக்கி எறிந்திருக்கும், மயங்கி விழுந்திருப்பார் என்று சுற்றி நின்றவர்கள் கதைத்தார்கள். தலைவரும் தலையை ஆட்டினார்.

நான் படகின் பின்பக்கத்தில் அவருடைய சேட்டைக் கண்டேன். நாலாக மடித்து வைத்திருந்தது. பறக்காமல் மேலே நங்கூரம் வைத்திருந்தது.

விழுகிறவன் சேட்டை மடித்து வைத்துவிட்டு விழமாட்டான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் போன வழியாலேயே திரும்பி வரும். இந்தக் கரையிலிருந்து அவர் தெரிந்தால் அவருக்கும் இந்தக் கரை தெரிந்திருக்கும். இதை நான் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கொடுத்திருக்கிறேன்! மினாரா மட்டும் தெரிய வேண்டிய தூரத்தில் அவருக்குத் தென்னை தெரிந்திருக்கிறது, அதற்குக் கீழே வெள்ளை மண்ணும் தெரிந்திருக்கிறது. காற்றோ படகை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. இப்போது இறங்காவிட்டால் மண் கைவிட்டுப் போய்விடும் என்று கணக்குப் போட்டிருப்பார். அவருடைய வாழ்நாளில் ஒரு தடவையும் பிழையாகாத கணக்கு. கலனை வெட்டி எடுத்து, சேட்டை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வருவதற்காக இறங்கிவிட்டார்.

நான் அந்தச் சேட்டை எடுத்து உதறினேன். மடிப்பைக் கலைத்தேன். மற்றச் சாமான்களோடு சேர்த்து ஒரு பைக்குள் திணித்து, தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பையைத் திறக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு வந்தது மார்க்கப் பிரச்சினை. அடக்குவதற்கு மையித்து இல்லை. மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று வைத்து, உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுவிப்பதா, தங்கச்சி விதவையாக வெள்ளை உடுத்தி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பதா, அல்லது காணாமல் போனவரின் மனைவியாகவே காத்திருப்பதா? இதை விசாரிக்க மௌலவி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கதை மெதுவானது. தங்கச்சி அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

"டீச்சர், அண்டைக்கி சனம் கண்டது அவரத்தானா? கண்மயக்கம் எண்டும் சொல்றாங்களே."

"மயக்கம் இல்ல மௌலவி. அவர்ல பட்ட வெளிச்சம்தான் எங்கட கண்ணுக்கு வந்தது. அவரத்தான் கண்டம்."

"அப்ப அந்த நேரம் உசிரோட, ஹயாத்தோட இருந்திருக்காரு."

"ஓம்."

"அதுக்குப் பிறகு படக விட்டு என்னெண்டு போனாரு எண்டு ஆருக்கும் தெரியுமா?"

நான் அறைக் கதவைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்று தலைவர்தான் சொன்னார்.  உறுதி இல்லாமல் தொழுவிக்க ஏலாது, வேறு கப்பல்காரர் யாரும் ஏற்றிக்கொண்டு போயிருக்கவும் கூடும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் மௌலவி. கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அவரு வருவாரு மௌலவி. கடல்ல நிக்க நான் கண்ணால கண்ட மனிசன்."

அந்த வீட்டில் அவளை விடுவிக்கக் கூடிய உண்மை என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவள் இத்தா இருந்து, அழுது, ஒரு நாள் எழும்பி நடந்துவிடுவாள். ஆனால் அதைச் சொல்வதென்றால், முழங்கால் தண்ணீரில் நின்று நீ கூப்பிட்ட கரையைப் பார்த்துத்தான் அவர் இறங்கினார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. யாராவது என்னைக் குற்றம் சொல்ல வந்தால் வரட்டும், வந்து அவளுடைய முகத்தைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.

அவள் காத்திருந்தாள். கலர் உடுப்பு உடுத்தாள், கையில் வளையல் போட்டாள், பெருநாளுக்கு அவருக்குச் சாரமும் சேட்டும் வாங்கி வைத்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பாள். மாலைதீவில் கரை ஒதுங்கியவர்கள், இந்தோனேசியாவில் பிடிபட்டவர்கள் என்று யாராவது ஒரு கதை சொன்னால் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முழுக்கக் கேட்பாள். அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிது.

அடுத்த கச்சான் வந்தது. ஒரு பகல், நான் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூரைத் தகரம் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி ஒரு பையோடு வந்தாள். சலாம் சொன்னாள். தாள்களை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து சேட்டை எடுத்து என் மேசையில் விரித்தாள். அத்தனை நாளும் அவர் வாசம் போய்விடும் என்று திறக்காமல் வைத்திருந்தாளாம். பூச்சி பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் வெயிலில் போட எடுத்தாளாம்.

"இதப் பாருங்க ராத்தா."

நீலச் சேட்டு. முதுகில் ஒரு சதுரம் மட்டும் வெளிறி வெள்ளையாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் நீலம் அப்படியே. வெளிறிய சதுரத்தின் நடுவில் துருவின் கறை, நங்கூரத்தின் வடிவில். நான் மடிப்பைக் கலைத்திருந்தேன். படகில் கிடந்த நாளெல்லாம் வெயில் அதன் மேல் எழுதியதை என்னால் கலைக்க முடிந்திருக்கவில்லை.

"மடிச்சி, பாரம் வெச்சி இரிந்திருக்கி" என்றாள். "நீங்க கண்டீங்கதானே?"

"ஓம்."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"நாங்க அவரக் கண்டம் எண்டா, அவரும் எங்களக் கண்டிருப்பாரா?"

அதற்கு ஒரு டீச்சரிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. "ஓம்" என்றேன்.

"மண்ணும் தெரிஞ்சிருக்குமா?"

"ஓம்."

"நான் கையக் காட்டினன் ராத்தா. வாங்க எண்டு கூப்பிட்டன்."

நான் எழும்பி அவளுடைய கையைப் பிடித்தேன். "அவ்வளவு தூரத்துக்கு ஆளத் தெரியா, புள்ள. கையத் தெரியவே தெரியா. இது ஆறுதலுக்குச் சொல்றது இல்ல, மெய்தான்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "மண் தெரிஞ்சா போதும் அவருக்கு."

வெளியே தகரம் அடித்தது. அவள் சேட்டை எடுத்தாள். நாலாக, அந்தப் பழைய மடிப்பிலேயே, வெளிறிய பக்கம் மேலே வரும்படி மடித்தாள். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேசையில், திருத்தாத தாள்களுக்கு மேலே வைத்தாள்.

"ராத்தா, உங்கட்ட வெள்ளத் துணி இரிந்தா ஒண்டு தாங்க. நான் இத்தா இரிக்கணும்."